மோரிஸ் மைனரும் ஒரு கூடை உப்பும்

8 ஜூன் 2005, புதன்

இன்று ஒரு தவறு செய்தேன். கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே ஆயில் ஊற்றும் பிளக்கில் ஸ்பானரைப் போட்டேன். அது அசையவே இல்லை. ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் வழியைத் திறக்க வேண்டும். மாலை நேர மெக்கானிக் வகுப்பில் போன வாரம் சொன்னது. இதே நோட்டில் நான்கு பக்கம் முன்னால் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது மாமாவின் மோரிஸ் மைனர் கார், புது அறைக்காகத் தோண்டிய அஸ்திவாரப் பள்ளத்துக்கு மேலே, கியர் பாக்ஸில் சொட்டு ஆயில் இல்லாமல் நிற்கிறது. நாளைக்கும் அந்தப் பிளக் திறக்காவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கதி என்ன?

அக்கா வைஜெயந்திக்கு ஒன்பதாம் மாதம். திண்டிவனத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் அவள் உப்பளத்தில் ராசம்மாள் அத்தையின் பெண்கள் செட்டில் வேலை செய்தவள். அந்தப் பெண்கள் ஒருவராலும் வளைகாப்புக்குப் போக முடியவில்லை. நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள் கூட உப்புப் பாத்தியை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் ஞாயிறு காலை டீ நேரத்தில், உப்பு குவிக்கும் மேட்டிலேயே அக்காவை உட்காரவைத்து வளையல் போடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அக்கா எந்தப் புடவை கட்டுவது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

மேட்டுக்கு வரப்பு வழியாக ஒன்றரை கிலோமீட்டர். அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வரப்பில் இரண்டு சக்கரத் தடம், நடுவில் மண் மேடு. ஆட்டோ போனால் முன் சக்கரம் அந்த மேட்டில் ஏறிக் கவிழும். ஆகவே கார்தான். அக்காவின் கணவர் மணிவண்ணன் மாமா திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே இந்தப் பழைய காரை வாங்கினார். கியர் பாக்ஸ் ஒழுகுவதைச் சொன்னால், “போட்டோவுல தெரியாதும்மா” என்பார்.

ராசம்மாள் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து போகிறவர், வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“ஏம்மா நிலா, இந்த வண்டியா வரப்புல வரப் போவுது? தெரு முனையிலேருந்து புள்ளி வெச்சிக்கினு வந்திருக்குது!”

“சரி பண்ணிடுவேன் அத்தை.”

“பாத்தியில ஒரு சொட்டு வுழுந்தாலும் அத்தினி உப்பும் குப்பைக்குத்தான். போன வருசம் டிராக்டர் டீசலு ஒழுகி, நாங்க ரெண்டு நாளு வாரினது மண்ணாப் போச்சு. உங்க அக்கா எனக்குப் பொண்ணு மாதிரி. அதுக்காக உப்புல ஆயிலு ஊத்தச் சொல்றியா?”

“ஊத்தலைங்க, சும்மா சொட்டுதான்” என்றார் மாமா.

“நீங்க சும்மா இருங்க மாப்ள. உங்க கல்யாண ஆல்பத்துல என் தலைய வெட்டுனது உங்க ஸ்டுடியோதானே?”

மாமா காரைத் துடைக்கப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் அத்தையிடமிருந்து ஒரு கூடை உப்பு வந்து சேர்ந்தது. வண்டிக்கு அடியில் பரப்பி வைக்க வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் அவரே வந்து பார்ப்பாராம். வெள்ளையாக இருந்தால் வரப்பில் விடுவார். “இல்லாங்காட்டி வளையலத் தபால்ல அனுப்பிடறேன்னு சொல்லு” என்று கூடை கொண்டுவந்த பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா சிரிக்கவில்லை.

குறிப்பு: கழற்றிய பிளக்கில் வாஷர் இல்லை. பிளக்கின் தலைக்கு உட்புறம் வளையம் போலப் பளபளப்பாக இருக்கிறது. வாஷர் இல்லாததால்தான் கசிவு என்று நினைக்கிறேன். நினைப்பு சரியாகவும் இருக்கலாம். மேல் பிளக்கைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டிருக்கிறேன்.

9 ஜூன், வியாழன்

மேல் பிளக் திறந்துவிட்டது. காருக்குள் தரையில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, சுத்தியலால் மெதுவாக நாலு தட்டு, மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி தட்டு. பதினோராவது முயற்சியில் ‘கிரீச்’ என்றது. பிளக்தான் உடைந்ததோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை.

மாமா திண்டிவனத்திலிருந்து புதுச் செப்பு வாஷர் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை அடிப் பிளக்கில் மாட்டி முடுக்கினேன். ஊற்றும் துளையின் விளிம்பு வரை புது ஆயில் ஊற்றினேன். ஆயில் சூடானால்தான் கசிவு தெரியும். அதனால் பெருமுக்கல் வரை போய்த் திரும்பினோம். வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, அடியில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து, பாதிக் கூடை உப்பைப் பரப்பினேன்.

“முடிஞ்சுதா மெக்கானிக்கு?” என்றாள் அக்கா.

“முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.”

“உன்கிட்ட ஒரு வார்த்தை உறுதியா வாங்க முடியாதுடி.”

10 ஜூன், வெள்ளி

ஏழு புள்ளிகள். உப்பின் மேல், மிளகு போட்டது போல. எல்லாம் பிளக்குக்கு நேர் கீழே.

“இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு, சரியாப் போயிடும்” என்றார் மாமா. ஒப்புக்கொள்ளவில்லை. கியர் பாக்ஸ் அலுமினியம். பலம் போட்டு முறுக்கினால் மரை கழன்றுவிடும், பிறகு நிஜமாகவே ஊற்றும். ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நான் வேலை செய்யும் உப்பு பேக்கிங் ஷெட்டுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, புதன்கிழமை எழுதியதைப் படித்தேன். என் எழுத்தை நானே படிப்பது எனக்குப் பிடிக்காது. எங்கே பார்த்தாலும் ‘நினைக்கிறேன்’.

‘பிளக்கில் வாஷர் இல்லை.’ அதற்கு அடுத்த வரி: ‘வளையம் போலப் பளபளப்பு.’

வாஷரே இல்லாமல் அந்த வளையம் எப்படி வந்தது? இத்தனை நாள் ஒரு வாஷர் அங்கே அழுந்தி இருந்திருக்கிறது. பிளக்கோடு அது கீழே வரவில்லை என்றால் மேலேயே இருக்க வேண்டும்.

இந்த முறை மேல் பிளக்கை முதலில் தளர்த்தினேன். சுத்தமான பேசினில் ஆயிலை வடித்தேன். துளையைச் சுற்றி விரலை வைத்துத் தடவினேன். கறுப்பு அழுக்கு, அதற்குள் ஒரு சின்ன விளிம்பு. நகத்தால் அசைக்க முடியவில்லை. முனை மழுங்கிய உளியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ஒரு கறுப்பு வளையம் பேசினுக்குள் விழுந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் செம்பு! பழைய வாஷர், ஒரு பக்கம் தேய்ந்து சாய்வாக இருந்தது. அந்தச் சாய்வின் மேல்தான் புதிய வாஷரை வைத்து முடுக்கியிருக்கிறேன்.

“மாமா! மேலேயே ஒட்டிக்கினு இருந்துச்சு!”

“அட, இதுக்குத்தான் மூணு நாளா என்னை அலைய வெச்சியா?” என்று அந்த வாஷரை வாங்கிப் பார்த்த மாமா, உள்ளே போய் அக்காவின் விரலில் மோதிரமாகப் போட முயன்றார். வீங்கிய விரலில் அது ஏறவில்லை. அக்கா இன்றைக்குச் சிரித்தாள்.

இடத்தைத் துணியால் துடைத்து, இரண்டாவது புது வாஷரை மாட்டி, அளவாக முடுக்கி, ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். மறுபடி பெருமுக்கல். மறுபடி பள்ளம். மீதிப் பாதிக் கூடை உப்பு. சரியாக இருக்கும் என்று... எழுதாமல் விடுகிறேன்.

11 ஜூன், சனி

ராசம்மாள் அத்தை ஆறரைக்கே வந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் நான் போய்ப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

மாமாவும் நானும் வண்டியைப் பின்னால் தள்ளினோம். அத்தை பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி இது?”

வெள்ளை உப்பின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டாள்.

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். கறை பட்ட உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

“சக்கரை தூக்கலா இருக்குது. எவன் டீ ஊத்தனது?”

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம்.

“காலையில... ஒழுகுதான்னு குனிஞ்சு பாத்தேன். கையில டம்ளர் இருந்துச்சு.”

“வண்டி ஒழுகலை, வண்டிக்காரருதான் ஒழுவறாரு” என்றார் அத்தை. பிளக்குக்கு நேர் கீழே இருந்த உப்பை இரண்டு கையாலும் கிளறிப் பார்த்தார். அடி வரை வெள்ளை. கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி அக்காவின் கன்னத்தைப் பிடித்தார். “நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடு. பச்சை வளையலு எடுத்து வெச்சிருக்கேன்.”

கிளம்பியவர் என் பக்கம் திரும்பினார். “நீ சீட்டுல உக்காராத. பின்னாலயே நடந்து வா. சொட்டுனா கையில ஏந்திக்க.”

“சொட்டாது அத்தை” என்றேன். சொன்ன பிறகுதான் அதை நான்தான் சொன்னேன் என்று தெரிந்தது.

நாளை, ஞாயிறு: எட்டு மணிக்கு அடிப் பிளக்கைத் துடைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். வரப்பில் மாமாவை முதல் கியரிலேயே போகச் சொல்ல வேண்டும். மாமாவின் டீயைப் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். பேசினை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும்.