இருபத்தேழு மணி நேரம்

எந்த இடத்திலும் நேரம் சும்மா நின்றால் மைக்கேல்ராஜுக்குப் பிடிக்காது. ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக லைன் சூப்பர்வைசர். ஒரு மெஷினில் ஒரு பாகம் செய்ய ஆகும் நேரத்தைப் பதினோரு விநாடி குறைத்ததற்காகக் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது. அந்தப் புத்திதான் கடைசியில் வீட்டுக்கே வேட்டு வைத்தது என்று சொன்னால் மனுஷர் கோபித்துக்கொள்வார்.

மனைவி அருள்செல்வி மஸ்கட்டில் நர்ஸ். மகள் எஸ்லின் கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் ஞாயிற்றுக்கிழமைப் புதுநன்மைக்காக மே மாதத்தில் நான்கு நாள் லீவு வாங்கியிருந்தாள். மும்பையில் விமானம் மாறிப் பெங்களூரு வர வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மும்பையில் பத்து மணி நேரம் காத்திருந்து, சனிக்கிழமை ராத்திரிதான் வீடு வந்து சேர்வாள். பத்து மணி நேரம் சும்மாவா? மைக்கேல்ராஜுக்குப் பொறுக்கவில்லை. வெவ்வேறு கம்பெனிகளில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டு, இடைவெளியை இரண்டு மணி நேரமாக்கினார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் இருப்பாள் என்று கூட வேலை செய்யும் மாதேஷிடம் பீற்றிக்கொண்டார்.

அன்றைக்கு மும்பையில் மழை கொட்டியது. முதல் விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக இறங்கியது. இமிகிரேஷன் வரிசையைத் தாண்டி, பெட்டியை இழுத்துக்கொண்டு அருள்செல்வி ஓடியபோது அடுத்த விமானத்தின் கவுண்டரை மூடிவிட்டார்கள். மற்ற விமானங்களில் பாதி ரத்து, மீதியில் ஒரு சீட் இல்லை. மறுநாள் காலை பதினோரு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. இவர் வேண்டாமென்று தள்ளிய சாயங்கால விமானமோ சொன்ன நேரத்துக்குப் பெங்களூரில் வந்து இறங்கியது. அதையும் போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஞாயிறு காலைப் பூசையில் எஸ்லின் வெள்ளைக் கவுனில் நின்றாள். நற்கருணை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும்போது கோவில் வாசலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா மும்பையில் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

அருள்செல்வி சாயங்காலம் வந்தாள். குழந்தை மறுபடி கவுனைப் போட்டுக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை மறுபடி ஏர்போர்ட்.

"அந்தக் கம்பெனிக்காரன சும்மா விட மாட்டேன் செல்வி. நஷ்டஈடு வாங்காம ஓய மாட்டேன்" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தொழிற்சாலையில் லைன் நின்றால் எழுதும் ரிப்போர்ட் மாதிரியே, தாமதமாக இறங்கிய முதல் விமானத்தின் கம்பெனிக்கு எழுதினார். நின்ற நேரம், மறுபடி கிளம்பிய நேரம், காரணம், யார் பொறுப்பு. என்ன இழப்பீடு வேண்டும் என்ற கட்டத்தில், அருள்செல்வி வீடு வந்து சேரத் தாமதமான நேரத்தைக் கணக்குப் பண்ணி 'இருபத்தேழு மணி நேரம்' என்று போட்டார்.

மாதேஷ் படித்துவிட்டுச் சிரித்தான். "ணா, அவங்க என்ன நம்ம மெயின்டெனன்ஸ் டிபார்ட்மென்ட்டா? மணி நேரத்த எங்கேர்ந்து குடுப்பாங்க?"

பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது படித்தார். தாமதத்துக்கு மழை காரணம். இரண்டு டிக்கெட்டுகளும் தனித்தனியாக வாங்கப்பட்டவை. அடுத்த விமானத்தைத் தவறவிட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஒரே பதிவாக எடுத்திருந்தால் மாற்று ஏற்பாடு செய்திருப்போம்.

யார் பொறுப்பு என்ற கட்டத்தில் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பொய் எழுதியதில்லை. இந்தத் தடவைதான் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டார். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அருள்செல்வி.

"செல்வி, தப்பு அவங்க மேல இல்ல. நான்தான் ரெண்டா பிரிச்சி போட்டேன். ஒண்ணா போட்டிருந்தா நீ பூசைக்கு வந்திருப்ப."

"எனக்குத் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க டிக்கெட்டு அனுப்பினப்பவே எங்க வார்டு சௌமியா பாத்துட்டு சொன்னா. இது ரிஸ்க்கு, மாத்தச் சொல்லுன்னு. உங்களுக்கு சொல்லலாம்னு போனக்கூட எடுத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மத்தியானமே வந்துட்டா எஸ்லினுக்கு நானே தலைக்கு ஊத்தி உடலாம், அந்த கவுன நானே அயர்ன் பண்ணலாம்னு நெனச்சேன். உங்க பக்கத்துல ஒக்காந்து ஒரு வேள சோறு திங்கலாம்னு நெனச்சேன். அந்த அரை நாள உட மனசு வரலீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் துடைக்கவில்லை. அவளைத் தொட வேண்டும் போலிருந்தது.

"அடுத்த லீவு எப்ப?"

"வர்ற வருஷம் மே."

"அப்ப ஒரே டிக்கெட்டுதான். எத்தன மணி நேரமானாலும் சரி, ஒக்காந்துட்டு வா."

"ஆமாங்க. ஒரே டிக்கெட்டுதான்" என்று அவளும் உறுதியாகச் சொன்னாள். டிஃபன் பாக்ஸை மூடினாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், போனை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏங்க, சும்மா பாருங்க. மத்தியானம் வந்து சேர்ற மாதிரி எதாச்சும் இருக்குதான்னு."