பஞ்சக்காவின் இடம்

பெரியவருக்கு எழுபத்தாறு வயது. கிதாரை மாட்டிக்கொண்டு ஐம்பது வருடமாக மேடையில் கத்திக்கொண்டிருக்கிறார். சீக்கிரமே தூக்கம் வந்துவிடுகிறதாம், அதனால் இப்போதெல்லாம் மாலை நான்கு மணிக்கே நிகழ்ச்சியை ஆரம்பித்துவிடுவார். ராக் பாடகர் என்றால் நடுராத்திரிவரை ஆட்டம்தான் என்று நம்பி வருகிற புது ஆட்கள் ஏமாந்து போவார்கள். பழைய ரசிகர்களுக்குக் கவலையில்லை. அவர்களுக்கும் முழங்கால் வலி வந்தாயிற்று.

அன்றைக்குக் கடைசி நிகழ்ச்சி. இனிமேல் மேடையேற மாட்டேன் என்று பெரியவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அரங்க வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை. அதில் ஐந்தாவதாக நின்றவருக்குக் கண்ணாடி என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. வரிசையில் யாருடைய கண்ணாடி கழன்றாலும் சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த வரிசையின் சட்டம். ஒரு காலத்தில் அப்படியில்லை. மாமா செத்துப்போனார் என்று அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்த ஒருவரை, இன்னொரு மகானுபாவர் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டுத் தொலைத்தார். நாலு பேருக்கு முன்னால் நின்றிருந்தது அந்த ஆளுடைய மேலதிகாரியின் மகள். திங்கட்கிழமை வேலை போயிற்று, மாமா மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தார். அன்றிலிருந்து பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. வந்த வரிசைப்படி கையில் எழுதிக்கொள்கிற எண்ணும் ஒரு பட்டப்பெயரும்தான்.

பஞ்சக்காவுக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் காதுக்கென்று வீட்டிலிருந்து பஞ்சு உருட்டிக்கொண்டு வந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக மேடைக்கு இடது பக்கத் தடுப்புக் கம்பியில் கண்ணாடியும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். கண்ணாடியின் மனைவி இறந்து ஒன்பது வருடம். தூரதேசத்திலிருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கடையின் பின்னறையில் இயந்திரம் மட்டும்தான் பேசும். வருடத்துக்கு மூன்று நான்கு நாள், இந்த வரிசையில்தான் மனிதர் வாய் நிறையப் பேசுவார். அதுவும் அக்காவிடம்தான்.

அந்த அக்காவை இனி எங்கே பார்ப்பது? சட்டமாவது மண்ணாவது, இன்றைக்குப் பெயரையும் நம்பரையும் கேட்டே தீருவது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெயரைக் கேட்க ஒரு வார ஒத்திகை.

பத்து மணி ஆயிற்று. அக்காவைக் காணோம். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எண்களைக் கூப்பிட்டு, ஆள் இல்லாவிட்டால் அந்த எண்ணை அடித்துவிடுகிற பட்டியல்காரரிடம் போய் நின்றார்.

"பஞ்சக்கா வரலையா?"

"அடிக்கிறதுக்குக்கூட நம்பர் இல்ல. ஆளே வரல."

"அவங்க வீடு எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. உங்களுக்கே தெரியாதுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு எந்தப் பாட்டில் அழுகை வரும், எந்தப் பாட்டில் கொட்டாவி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது தெரியாது.

கதவு திறந்ததும் ஓடிப்போய் இடது பக்கக் கம்பியைப் பிடித்து, முழங்கையை அகட்டிப் பக்கத்தில் ஓராள் இடம் போட்டார். பின்னாலிருந்த பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருக்கும் இடம் பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"இன்னைக்கு ஒரு நாள் மன்னிச்சுக்கம்மா," என்றார். முழங்கையை மடக்கவில்லை.

பெரியவர் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து கிதாரின் முதல் கம்பியைத் தட்டியதுமே அரங்கம் எழுந்துவிட்டது. குரல் கரகரத்துப்போய்விட்டதுதான், பாதி வரி மறந்துபோகிறதுதான். மறந்த வரியைக் கூட்டம் பாடும், அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே பாட்டை இருநூறு தடவை கேட்டவர்கள்கூட அடுத்து என்ன செய்வாரோ என்று வாய் பிளந்து நிற்பார்கள். அப்படி ஒரு ஆள்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் இடது ஓரத்துக்கு வந்து கிதாரைச் சுருதி சேர்ப்பது அவருடைய பழக்கம். கம்பியோரத்து இரண்டு பேரையும் பார்த்துச் சரியா என்று புருவத்தைத் தூக்குவார். இருவரும் தலையாட்டினால்தான் நான்காம் பாட்டு. அன்றைக்கும் வந்தார். கண்ணாடி தலையாட்டினார். பெரியவர் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்டார்.

"இன்னொரு ஆளு எங்க? எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டாங்களா?"

அரங்கமே சிரித்தது. கண்ணாடி உதட்டைப் பிதுக்கித் தெரியாது என்று தலையசைத்தது பெரிய திரையில் தெரிந்தது. அடுத்த நொடி கேமரா கூட்டத்தைத் துழாவிக்கொண்டு மேல்மாடிக்குப் போயிற்று. அங்கே கைத்தடியை உயர்த்தி ஆட்டிக்கொண்டு, காதில் பஞ்சோடு நின்றார் அக்கா.

கண்ணாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் காலோடு அவரால் இறங்கி வர முடியாது, நாம்தான் போகவேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக்காத்த கம்பியை விட்டுத் திரும்பினார். வாசல் காவலாளி மறித்தான்.

"கீழ்த்தளத்த விட்டுப் போனா திரும்ப இங்க விட மாட்டோம் சார். கடைசி ஷோ, யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சுப்பா."

மூச்சு வாங்க நான்கு மாடி ஏறினார். ஒரு வரிசையில் ஐந்தாறு பேர் காதில் பஞ்சோடு இருந்தார்கள். இடம் இதுதான். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"அந்த அம்மாவா? இப்பதான் லிஃப்டுல கீழ போனாங்க," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "முட்டியில ஆபரேஷனாம், நிக்க முடியாதுன்னு மேல டிக்கெட் எடுத்திருக்காங்க. போகாதீங்கன்னு சொன்னேன், கேக்கல. கண்ணாடி செத்தாலும் கம்பிய விட்டு நகரமாட்டாரு, அங்கதான் இருப்பாருன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கீழே அவர் போட்டுவைத்திருந்த இடம் எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. திரும்பி இங்கேதானே வரவேண்டும் என்று அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று முடிந்தது. பெரியவர் அங்கிருந்து கட்டைவிரல் அளவுதான் தெரிந்தார். அவருடைய கடைசிப் பாட்டைக் கண்ணாடி தனியாகக் கேட்டார். அது அக்காவுக்கு அழுகை வருகிற பாட்டு.

நெரிசலில் கீழே வந்து சேரவே அரைமணி நேரம் ஆயிற்று. அறிவிப்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள்.

"ஒருத்தங்களைத் தேடுறேம்மா. மைக்ல கூப்பிடணும்."

"பேரு?"

"தெரியாது. பஞ்சக்கான்னு சொல்லுங்க, போதும்."

"பட்டப்பேரெல்லாம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார். அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

கண்ணாடி சட்டைப்பையிலிருந்த திருப்புளியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இன்னைக்கு நீங்க ரெண்டாவது ஆளு," என்றாள் அவள். "கொஞ்சம் முன்னாடி கைத்தடியோட ஒரு அம்மா வந்தாங்க. மேல் டிக்கெட்டுன்னு உள்ள விடலையாம், ரொம்ப நேரமா கீழ் வாசல்லயே நின்னாங்களாம். ஒருத்தரைத் தேடணும், பேரு தெரியாதுன்னாங்க. பேரில்லாம எப்படிம்மா கூப்பிடுறதுன்னு கேட்டேன். பையன் கார்ல காத்திருக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"சரி, உங்க பேரையாவது சொல்லுங்க. வாசல்ல காத்திருக்கீங்கன்னு அறிவிச்சுப் பார்க்குறேன்."

சொன்னார். அந்த வரிசையில் நிற்க ஆரம்பித்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. மைக்கில் அவள் அதை இரண்டு முறை படித்தாள். காலி அரங்கத்திலும் வெளியே வண்டிகள் நிற்குமிடத்திலும் அவருடைய பெயர் தெளிவாகக் கேட்டது. அக்கா அங்கேயே இருந்து காதுகொடுத்துக் கேட்டிருந்தாலும், யாரோ யாரையோ தேடுகிறார்கள் பாவம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறியிருப்பார்.