நூறு வீதத்துக்கு வெளியே ஏழு பேர்

1

"சேர், சப்ரினாவை உயர்தர வகுப்பில சேர்த்துக்கொள்ளுங்கோ."

இதைக் கேட்கவே கூடாது என்று கணித ஆசிரியை ஹுஸ்னியாவிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் பாடசாலையின் உப அதிபர் நஜ்முன் நிஸா டீச்சர். சொல்லும்போது அவர் வாயில் பாதி வடை இருந்தது. "இடமாற்றம் வேணுமெண்டாலும் கேளுங்கோ புள்ள. அந்த ஏழு பேரின்ட கதையை மட்டும் அதிபரிட்ட எடுத்திராதீங்கோ."

ஹுஸ்னியா எடுத்துவிட்டாள். அதுவும் பரிசளிப்பு விழா தொடங்க அரை மணித்தியாலம் இருக்கையில்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பரிசளிப்பு விழாவில் வாசிக்கும் ஓர் அதிபர் அறிக்கையில். பாடசாலை குச்சவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், கரையோர வீதியில் எங்கோ இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். [சொன்னால் என்னை— வேண்டாம், வெட்டிவிட்டேன்.]

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "அலைகள் தாலாட்டும் கிழக்குக் கரையில், அறிவின் கலங்கரை விளக்காய்…"

சகிக்கவில்லை. ஆனால் இது என் வாக்கியமல்ல. அறிக்கைக்காக ஹுஸ்னியா எழுதியது. அதிபர் வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கம்பஸ் தமிழ் வேறதான்" என்றார். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போய்வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது: அடுத்தவர் அறிக்கைக்குப் பூ வைப்பது.*

நியாயமாகச் சொன்னால், அது நல்ல ஆண்டு. மட்டையால் பந்தடித்து ஓடும் எல்லே ஆட்டத்தில் பெண்கள் அணி மாகாணப் போட்டிவரை போனது. (முதலில் தடுத்தவர்கள் பிள்ளைகளின் வாப்பாமார். அரையிறுதிக்கு லொறி பிடித்து வந்து தொண்டை கட்டும்வரை கத்தியவர்களும் அவர்களே.) இடைவிலகிய ஐந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். விஞ்ஞானகூடத்துக்குக் கதவு வந்தது. குடிநீர்த் தாங்கி மூன்றாவது முறையாகச் சாதனைப் பட்டியலில் ஏறியது: முதலாண்டு அடிக்கல், அடுத்த ஆண்டு திறப்பு, இவ்வாண்டு வர்ணம். தண்ணீர் இனிவரும் சாதனை.

பிறகு அந்த வரி: "சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய முப்பத்துநான்கு மாணவரும் சித்தி. நூறு வீதம்!" வியப்புக்குறியும் ஹுஸ்னியாவின் உபயம்தான்.

பதினோராம் வகுப்பில் படித்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

* ஹுஸ்னியா நீதானா என்று கேட்காதீர்கள். நஜ்முன் நிஸா டீச்சர் நானில்லை என்பது மட்டும் நிச்சயம்: எனக்கு வடை பிடிக்காது.

3

அடிக்குறிப்பில் கிடக்கவேண்டியது இது. அங்கே போட்டால் வாசிக்கமாட்டீர்கள், மேலே தூக்கிவிட்டேன்.

மாதிரிப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் வீட்டாரைக் கூப்பிடுவார்கள். "பிள்ளை இந்த முறை வெளியால எழுதட்டும்" என்பார்கள். அதாவது தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. அதே நாள், அதே வினாத்தாள். தோற்றால் மட்டும் பாடசாலையின் தலையில் விழாது. அப்படி ஏழு பேரை வெளியே அனுப்பினார்கள்.

கரைவலைக்காரரின் ஓலைக்குடிசை வாடியில், மீன் மணத்துக்குள் உட்கார்த்தி, பின்னேரங்களில் அவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவள் ஹுஸ்னியா. நால்வர் சித்தியடைந்தார்கள். சப்ரினாவுக்குக் கணிதத்தில் 'ஏ'.

இப்போது அவளுக்கு இங்கேயே உயர்தரக் கணித வகுப்பில் இடம் வேண்டும். பாடசாலையோ "வெளி மாணவி" என்கிறது. நகரத்துப் பாடசாலைக்கு விடியற்காலை பஸ்ஸில் தனியாக அனுப்ப அவள் வீட்டில் சம்மதமில்லை. இங்கே இடமில்லையென்றால் சப்ரினாவின் படிப்பு முடிந்தது.

4

அதிபர் முனீப் சேரை வில்லனாக்க மூன்று தடவை முயன்றேன். "அதிபரின் கண்களில் கொடூரம்—" ஏலவில்லை. வாடியில் பிள்ளைகள் படிப்பதை அறிந்ததும், பழைய கரும்பலகை ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பியவர் அவர். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்னைப்போன்ற கோபக்காரி எப்படிக் கதை எழுதுவது?

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

"அவளைச் சேர்த்தா, எங்கட பிள்ளை ஏன் வெளியால எழுதினது எண்டு வலயக் கல்வி ஒபீஸில கேப்பாங்க," என்றார் அதிபர்.

"கேக்கட்டும்."

"கேக்கட்டுமாம்! இந்தக் கதிரையில இருக்கிறது நானா, நீங்களா?"

"நீங்கதான் சேர். அதாலதான் உங்களிட்டக் கேக்கிறன்."

அதிபர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்தார். "நூறு வீதம் எண்டு எழுதினது ஆரு?"

ஹுஸ்னியாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

"நான்தான் எழுதினனான். வெக்கமில்லாம, வடிவாவும் எழுதினனான். இப்ப சரியான கணக்கைச் சொல்றன்: நாப்பத்தொரு பேரில முப்பத்தெட்டுப் பேர். தொண்ணூத்திரண்டு தசம் ஏழு."

"நூறைவிடக் குறைவுதானே டீச்சர்?"

"போன வருஷமும் நூறெண்டுதான் வாசிச்சீங்க. வெளியால அனுப்பினவங்களையும் சேர்த்தா அறுபத்தெட்டு. அறுபத்தெட்டில இருந்து தொண்ணூத்திரண்டு! இதைவிட என்ன முன்னேற்றம் வேணும்? வெண்டதையே ஒளிக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில எங்கட மட்டும்தான் சேர்."

அதிபர் மின்விசிறியைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். "விழா முடியட்டும். பாப்பம்."

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) அதிபர் கண்கலங்குகிறார். பத்தாண்டு கழித்து சப்ரினா பொறியியலாளராக வந்து அவர் காலில்— சீ.

(ஆ) ஹுஸ்னியாவுக்கு மறுவாரமே இடமாற்றக் கடிதம். நடக்கக்கூடியது. ஆனால் எல்லே அணி மாகாணம்வரை போன ஆண்டில் இதை எழுத என் கை வராது.

(இ) 'பாப்பம்'. வழக்கமாக நடப்பது. பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; பிள்ளைக்குக் கலியாணம் பேசிவிடுவார்கள்.

நான் இப்படித் தரம் பிரித்துக்கொண்டிருக்க, ஹுஸ்னியா எனக்காகக் காத்திருக்கவில்லை. மேசையில் கிடந்த அறிக்கையை இழுத்து, நூறு வீத வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினாள். மேலே புதுக் கணக்கை எழுதி அதிபர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க டீச்சர்?"

"மேடைக்கு. இண்டைக்கு அறிவிப்பு நான்தானே? நீங்க அறிக்கை வாசிக்க முதல், வெளியால எழுதிப் பாஸான நாலு பேரையும் கூப்பிடப் போறன். சப்ரினாவை முதலாவதா. எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்டு சொல்லித்தான் கூப்பிடுவன்."

"நில்லுங்கோ, நான் கொஞ்சம் யோசிக்க—"

"நடந்துகொண்டே யோசியுங்கோ சேர். மேடை தூரம்தான்."

வெளியே பாண்ட் வாத்தியம் பிரதம விருந்தினரை வரவேற்கத் தொடங்கிவிட்டது. முனீப் சேர் எந்தக் கணக்கை வாசித்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. மண்டபத்தில் உங்களுக்கும் ஒரு கதிரை இருக்கிறது. சப்ரினாவின் பெயரைக் கேட்டதும் முதலில் கைதட்டப்போவது யார் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். ஹுஸ்னியா முடிவுசெய்துவிட்டாள். அலுவலகக் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு, வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.