வித்துராவில் விரித்த போர்வை

பாளையத்துச் சபையின் மாதர் சங்கப் பெண்கள் 1936-இல் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வித்துராவுக்குப் போனார்கள். அங்கே சிறு ஆலயத்தில் இருந்த ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்க்க வேண்டும், அந்த ஊர் உண்டான கதையைக் கேட்க வேண்டும். அவர்களோடு போன சுசீலாபாய்க்கு மட்டும் தங்கை எலிசாளைத் தேட வேண்டும்.

எலிசாள் அப்பாவை மீறி ராஜையனைக் கட்டிக்கொண்டு வித்துராப் பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்ட பிறகு, அவள் பேரை எடுக்க அப்பா விட்டதில்லை. இப்போது அப்பா இல்லை. "தையல் பாக்கப் போறேன்" என்றபோது அம்மா எலிசாளுக்குப் பிடித்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

உபதேசியாரின் மனைவி சொர்ணம்மாள் போர்வையைப் பெஞ்சுகளின் மேல் விரித்தாள். காடு சந்தையாகி, சந்தை ஊரான கதையைச் சொன்னாள். பிறகு காய்ச்சல் வருஷத்துக்கு வந்தாள்.

"செத்தவங்க துணியில ஒரு துண்டு வீதம் எடுத்து, மிச்சமிருந்த பெண்ணுங்க தச்சது இது. குழிக்கு அடையாளம் வைக்கக்கூட அப்போ ஆளில்ல."

மற்றவர்கள் குனிந்து தையலைத் தடவிப் பார்த்தார்கள். சுசீலாபாய் சொர்ணம்மாள் அருகே போய்க் கேட்டாள். "ராஜையனுக்க பெண்டாட்டி எலிசாள். எங்க தாமசம்னு தெரியுமா?"

"நீங்க ஆரு?"

"அவளுக்க அக்கா."

சொர்ணம்மாள் அவள் கையைப் பிடித்துப் போர்வையின் நடுப்பக்கம் கூட்டிப் போனாள். ஒரு நீலச் சேலைத் துண்டு. அதையொட்டி ஒரு வேட்டிக்கரை. இரண்டுக்கும் இடையில் உள்ளங்கையளவு மஞ்சள் சீட்டித் துணி.

"ஆருக்கு எழுதணும்னு தெரியல்ல. அவ ஊரைச் சொல்லவே மாட்டா."

"இந்த மஞ்சள்?"

"பிள்ளைக்க சட்டை. பெண்பிள்ளை. தவழத் தொடங்கியிருந்தா."

சுசீலாபாய் அந்தத் துணியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கூட வந்த ரத்னாபாய் தோளைப் பிடித்துத் தூக்கும்வரை எழவில்லை. எழுந்ததும் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்துத் தரக் கேட்டாள்.

"ஒண்ணை எடுத்தா சுத்தியுள்ளதும் பிரிஞ்சுரும், அக்கா. அதெல்லாமும் ஆருக்கோ சொந்தம்" என்றாள் சொர்ணம்மாள்.

முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைச் சொர்ணம்மாளிடம் கொடுத்துவிட்டு, சுசீலாபாய் மற்றப் பெண்களோடு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பிள்ளை உண்டா?"

"ஒரு பெண்பிள்ளை. தவழுது."

அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"யாருக்க ஜாடை?"

"உங்க ஜாடைதாம்மா" என்று சொல்லிவிட்டு, சுசீலாபாய் கால் கழுவப் போகிறவள்போலக் கிணற்றடிக்குப் போனாள்.