பேனரில் மாமா மட்டும்

குமணன்சாவடி பிளெக்ஸ் கடையிலிருந்து மாமா பைக்கில் கொண்டுவந்த பேனரைத் தெருவில் விரித்தபோது, என் தங்கை எழில் வாசலுக்கு ஓடி வந்தாள். மேலே ‘மஞ்சள் நீராட்டு விழா’. இடது பக்கம் அவள். வலது பக்கம், கறுப்புக் கண்ணாடியோடு, அவள் அளவுக்கே பெரிதாகத் தாய்மாமன் மனோகரன்.

“யாரு மாமா இது?” என்றாள் எழில், தன் படத்தைக் காட்டி.

“நீதாண்டி. கடைக்காரன் கொஞ்சம் கலர் ஏத்திகீறான். சினிமாக்காரி மாதிரி கீற பாரு!”

அவள் முகமே இல்லை அது. தாடையைக் குறுக்கி, கன்னத்து மச்சத்தைக்கூட அழித்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு கியூஆர் கட்டம். அதை ஸ்கேன் செய்தால் விழாவைப் போனிலேயே நேரலையில் பார்க்கலாம்.

“அக்கா, என் கிளாஸ் பசங்க இந்த வழியாத்தான் டியூஷனுக்குப் போவானுங்க” என்றாள் எழில்.

நான் வயசுக்கு வந்தபோது என் பேனரும் இதே இடத்தில்தான் நின்றது. அதை ஒருவன் போனில் பிடித்து, முகத்தை மட்டும் வெட்டி, கீழே ‘வந்துட்டேன்’ என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கினான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யார் எதைச் சொன்னாலும் அதுதான் பதில். பிறகு நான் வகுப்புக்குள் கால் வைத்தாலே பின்பெஞ்சு முழுக்க ஒரே குரலில் ‘வந்துட்டேன்’ என்றது. போனைப் பார்க்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார் டீச்சர். என்னிடம் போனே இல்லை. ஒன்பதாவதோடு நின்றேன். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

சவுக்குக் கம்பு நட்டு பேனரைக் கட்டிவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். நான் வாழையிலை நறுக்கும் கத்தியோடு ஸ்டூலில் ஏறினேன். எழிலின் படத்தைச் சுற்றி அறுத்தேன். அந்தக் கட்டத்தையும் அறுத்தேன்.

“ஏய், இன்னாடி பண்ற?” மாமா டம்ளரோடு ஓடி வந்தார். “யார்கூடயும் பேசாதவ கத்தி எடுத்துகினு நிக்கிறா பாரு! படத்தோட பைலு கடையிலதான் கீது. வேற அடிச்சுகினு வருவேன்.”

“அடிச்சுகினு வா மாமா. அதையும் அறுப்பேன்.”

“படத்துல இருக்கிற அந்தப் பொண்ணையே மணையில உக்கார வெச்சுத் தண்ணி ஊத்து” என்றாள் எழில். “நான் உக்கார மாட்டேன்.”

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “மாமன் ஆசையா செஞ்சதுடி.”

“நான் படிப்பு ஏறாமலாம்மா நின்னேன்?” என்று கேட்டுவிட்டு, ஸ்டூலில் நின்றபடியே ஸ்டிக்கர் கதையைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டுத் துலுக்கானம் பேனரை நிமிர்ந்து பார்த்தார். ‘மஞ்சள் நீராட்டு விழா’. அதன் கீழே ஒரு பெரிய ஓட்டை. பக்கத்தில் மாமா மட்டும்.

“இன்னா மாமே, எப்ப வயசுக்கு வந்த? சொல்லவேயில்ல!”

தெரு சிரித்தது. நாலைந்து போன்கள் உயர்ந்தன.

“டேய், எடுக்காதீங்கடா! குரூப்புல போட்டுத் தொலைக்காதீங்கடா!” மாமா கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“படந்தானே மாமா?” என்றேன். “கலர் ஏத்திக்கலாம்.”

அவர் என்னை இறங்கச் சொல்லி, தானே ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்.

“கடைக்குப் போன் போட்டு அந்த பைலையும் அழிக்கச் சொல்லுடா” என்றாள் அம்மா.

எழில் தன் மச்சத்தோடு மணையில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூட வாசல்வரை நானே கொண்டுபோய் விடப்போகிறேன். பின்பெஞ்சில் எவனாவது வாயைத் திறக்கட்டும், பார்க்கிறேன்.