மார்லீன் காட்டிய லைசென்ஸ்

காதலன் கர்ட்டிஸிடம் அடிவாங்கி ஓடிவந்த மகள் டெஸ்ஸாவை ஒளித்துவைக்கத்தான் மார்லீன் ஒஹாயோ மாநிலத்துக்குள்ளேயே ஊர் மாறி இந்த வாடகை வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதமாக முகவரியை யாருக்கும் சொல்லவில்லை.

இன்னொரு பெண்ணும் அவனிடம் மாட்டக் கூடாதே என்று, மோசமான ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கும் செயலி ஒன்றில் அவனைப் பற்றி எழுதினாள். பெண்தான் என்று நிரூபிக்க டிரைவிங் லைசென்ஸைப் படமெடுத்துப் போடச் சொன்னார்கள். பார்த்ததும் அழித்துவிடுவோம் என்றார்கள். அழிக்கவில்லை. நேற்று அத்தனை படங்களும் திருடுபோய் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. மார்லீனின் லைசென்ஸில் இந்த வீட்டு முகவரி இருந்தது.

வேலை முடிந்து வந்த டெஸ்ஸாவிடம், கோட்டைக்கூடக் கழற்றவிடாமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏம்மா, மளிகைக் கடை கூப்பனுக்கே பொய்ப் பேர் குடுக்கற ஆளு நீ. அங்க போயி லைசென்ஸையே நீட்டினியா?"

"பொம்பளைங்க மட்டுந்தான் இருப்பாங்கன்னாங்கடி."

"அவன் பாத்திருப்பானா?"

"அவன் பேரப் போட்டு எழுதியிருக்கேனே. யாராவது காட்டாம இருப்பாங்களா?"

டெஸ்ஸா பெட்டியை எடுத்தாள். மார்லீன் ஸ்வெட்டர்களை மடித்துக் கொடுத்தாள்.

"எங்கடி போகப்போற?"

"இந்தத் தடவை உனக்கும் தெரிய வேணாம்மா. நீயும் இங்க இருக்காத, பெரியம்மா வீட்டுக்குப் போயிடு."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் மார்லீனுக்குத் தாங்கவில்லை.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, மார்லீன் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.