சிரித்த முகத்தோடு மறுப்பது

என் மகன் திலக்ஷன் பதினெட்டு வயதில் மோர்மன் சபையின் ஊழியத்துக்குப் போகிறான். அதற்காக ஞாயிறுதோறும் பலாபத்வலவில் பயிற்சி வகுப்பு நடந்தது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர் அட்டை. கூடவே சட்டங்கள்: படம் பார்க்கக் கூடாது, கூட ஊழியம் செய்யும் சோடியை விட்டுத் தனியே போகக் கூடாது, தேத்தண்ணி குடிக்கக் கூடாது. இருபது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் பெற்ற பிள்ளைக்கு இந்தச் சட்டம்!

அன்று வீடு வீடாகக் கதவு தட்டுவதற்குப் பழக்கினார்கள். வீட்டுக்காரியாக நடிக்க, கண்டியிலிருந்து வந்த பயிற்சியாளர் எட்வின், மகனோடு போயிருந்த என்னைக் கூப்பிட்டார். வீட்டார் தேத்தண்ணி கொடுத்தால், மறுக்கும்போது முகம் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கதவுக்கு உள்ளே நின்றேன். மகனும் அவன் சோடியும் வெளியே நின்று தட்டினார்கள்.

"வாங்க தம்பி, பிளேன்டீ ஊத்தவா?"

"வேணாங்க அக்கா. நாங்க தேத்தண்ணி குடிக்கிறதில்ல." பெற்றவளையே அக்கா என்று கூப்பிட்டுப் பல் தெரியச் சிரித்தான்.

நான் கதவைச் சாத்தினேன்.

எட்வின் மறுபடியும் தட்டச் சொன்னார். மறுபடியும் அதே சிரிப்பு. மறுபடியும் சாத்தினேன். மூன்றாம் தடவை தாழ்ப்பாளும் போட்டேன்.

"சிஸ்டர், நடிப்புக்காவது உள்ள விடுங்க," என்று வெளியே நின்று கெஞ்சினார் எட்வின். "புள்ளைங்க மரியாதையாத்தானே வேணாங்குறாங்க?"

"நான் நடிக்கல, பிரதர். எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ள வீட்டு ஆளுங்களும் எங்க கோப்பையில வாய் வைக்க மாட்டாங்க. ஆனா அதச் சொல்றதுக்குன்னு டை கட்டிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்ததில்ல."